இரவல் மணி

எங்கள் ஊர்க் கோயில் மணியைப் போர்ச்சுக்கல் ராஜா அனுப்பினார் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். கப்பலில் வந்ததாம். கரைக்கு எட்டாத தூரத்தில் கப்பல் தரைதட்டிப் போக, எங்கள் ஊர் ஆட்கள் ஏழு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் மணியை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்களாம். ஏழு என்பது சொல்லுகிற ஆளைப் பொறுத்து ஒன்பதாகும், பன்னிரண்டாகும். என் அப்பா சொன்னால் வழியில் ஒரு சுறாவும் வரும்.

முப்பது வருடமாக வ.உ.சி. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் காகித வேலை பார்க்கிறேன். பெட்டி யாருடையது, எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்பதுதான் என் பிழைப்பு. ஒரு எழுத்து பிசகினாலும் பெட்டி இருந்த இடத்தைவிட்டு நகராது. என் மேஜைக்கு முன்னால் அரைகுறைக் காகிதத்தோடு வந்து நிற்க லாரி டிரைவர்கள் யோசிப்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு இந்த ராஜா கதையில் எப்போதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவேயில்லை. சொந்த ஊர்க் கதைக்கு யார் காகிதம் கேட்கிறார்கள்?

தூத்துக்குடியிலிருந்து கீழவைப்பார் போகும் பஸ்ஸில் ஏறி, உப்பளங்கள் முடிந்து உடைமரக் காடு தொடங்கும் இடத்தில் இறங்கி, கடலைப் பார்த்து இருபது நிமிடம் நடந்தால் எங்கள் ஊர். ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே கோபுரம் தெரியும். எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச்தான். அதை ஒட்டினாற்போலத் தனியாக நிற்கும் சதுரக் கோபுரம். கடலிலிருந்து பெயர்த்து வந்த கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. உள்சுவரைத் தடவினால் கையில் சிப்பி நெருடும். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒவ்வொரு தோணியும் ஒருநாள் எடுத்த சிப்பியைக் கோயிலுக்கு விட்டுக்கொடுத்துக் கட்டிய கோபுரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கோபுரத்துக்குத்தான் இந்த வருடம் ஜூபிலி. எத்தனையாவது வருடம் என்பதில் கமிட்டிக்குள்ளேயே இரண்டு கட்சி. வருடத்தைப் போடாமல் வெறும் ஜூபிலி என்று போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆனார்கள்.

ஜூபிலி என்றால் மலர் போட வேண்டும். மலர் என்றால் முதல் பக்கத்தில் ஊர் வரலாறு வேண்டும். சனிக்கிழமை வழக்கம்போல அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தபோது கமிட்டித் தலைவர் வீடு தேடி வந்தார். எனக்குச் சித்தப்பா முறை. சத்தமாகப் பேசினால்தான் அவருக்குப் பேசியமாதிரி இருக்கும்.

"ஏளா, நீதான் எழுதணும். ராஜா, கப்பலு, வள்ளம் எல்லாம் வரணும். படிக்கிறவனுக்கு ரோமம் சிலுத்துக்கிடணும்."

"எழுதுறேன் சித்தப்பா. ஜூபிலிப் பூசைக்குத் தங்கச்சி வரணும். அவளுக்கு வழிய விடுங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "ஒனக்கு எழுத முடியும்னா எழுது. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. ஒரு ஆளுக்கு வாசலத் தொறந்தா நாளைக்கு அந்த ஊரே வந்து நிக்கும்."

அந்த ஊர் என்பது வடக்கே இருக்கும் பக்கத்து ஊர். நாங்கள் வடக்கூர் என்போம், அவர்கள் எங்களைத் தெக்கூர் என்பார்கள். கடற்கரை வழியே நடந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. என் ஒரே தங்கையை அங்கேதான் கட்டிக்கொடுத்தோம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கடலில் ஒரு வலைச் சண்டை வந்தது. அவர்களுடைய விசைப்படகு எங்கள் வலையை அறுத்தது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். எங்கள் வலை அவர்கள் தடத்தில் கிடந்தது என்று அவர்கள் சொல்வார்கள். அறுந்த வலை சித்தப்பாவுடையது. கடலில் தொடங்கிய சண்டை கரைக்கு வந்து, மண்டைகள் உடைந்து, கேஸ் நடந்து, கடைசியில் இரண்டு கமிட்டியும் ஒரே தீர்மானம் போட்டன. கொண்டான் கொடுத்தான் கிடையாது, நல்லது கெட்டது கிடையாது, இந்த ஊர் ஆள் அந்த ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. மற்ற எதிலும் ஒத்துப்போகாத இரண்டு ஊரும் இதில் மட்டும் அச்சு அசலாக ஒத்துப்போயின.

முதல் ஏழு வருடம் நாங்கள் சமாளித்துவிட்டோம். அம்மா பஸ் ஏறித் தூத்துக்குடியில் என் வீட்டுக்கு வருவாள், தங்கையும் வருவாள், இரண்டு நாள் மூன்று பேரும் அரட்டை அடிப்போம். அப்புறம் அம்மாவின் முழங்கால் இரண்டும் ஒருசேரக் கைவிட்டன. பஸ் படிக்கட்டு அவளுக்கு மலையாகிவிட்டது. என்னோடு வந்து இருந்துவிடு என்றால், கோயிலை விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடி. இரண்டு வருடமாக அவள் தன் சின்ன மகளைப் போனில்தான் பார்க்கிறாள். போனில் முகம் தெரிந்ததும் "ஏன் இளைச்சிட்ட?" என்று கேட்டு அழுவாள். தங்கை இளைக்கவெல்லாம் இல்லை, என்னைவிடப் பத்துக் கிலோ கூட இருப்பாள்.

சித்தப்பா போனதும் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மலராம் மலர். எனக்கு மலரும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். கண்ண மூடுறதுக்குள்ள என் ரெண்டு பிள்ளையையும் ரெண்டு பக்கமும் வச்சு நம்ம கோயில்ல ஒரு பூச பாக்கணும். அத அந்த எழவெடுத்தவன்ட்ட கேட்டுச் சொல்லு."

எழுத ஒப்புக்கொண்டேன். மலர் எழுதுகிறவளின் பேச்சுக்குக் கொஞ்சமாவது மதிப்பு இருக்காதா என்ற நப்பாசைதான்.

அடுத்த வாரம் கோபுரத்தில் ஏறினேன். பெண்கள் ஏறக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஏறியதில்லை, அவ்வளவுதான். கோயில் சாவியும் மணிக்கயிறும் எங்கள் பக்கம் சங்கிரித்தான் என்று சொல்லும் கோயில் பணியாளரின் பொறுப்பு. அவர் பரம்பரையாக அந்த வேலை பார்ப்பவர். முன்னால் ஏறினார். படிகள் சுழன்று சுழன்று போயின. நான் நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். மேலே போனால் நான்கு பக்கமும் திறந்த வளைவுகள். தெற்கே தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள், மேற்கே ஓட்டப்பிடாரம் பக்கத்துக் காற்றாலைகள், கிழக்கே கடல். நடுவில், என் இடுப்பு உயரத்துக்கு, மணி.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் கோயிலுக்கு வெள்ளையடிப்போம். அப்போது மணிக்கும் ஒரு பூச்சு சுண்ணாம்பு அடிப்பார்கள். முழு மணிக்கும் இல்லை, கடல் பார்த்த பக்கத்துக்கு மட்டும். உப்புக்காற்று மணியை அரித்துவிடாமல் இருக்க என்று காரணம் சொல்வார்கள். சங்கிரித்தானின் தாத்தா அடித்தார், அப்பா அடித்தார், இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இவர் அடிக்கிறார். மணி இருக்கும் உயரத்தில் உப்புக்காற்று நாலு பக்கமும் சுற்றியடிக்கும் என்று கடற்கரையில் பிறந்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜூபிலிக்காகக் கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்க டவுனிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஊர் வழக்கம் எதுவும் தெரியாது. மணி அழுக்காக இருக்கிறதே என்று சுண்ணாம்பு முழுவதையும் சுரண்டிவிட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டார்கள். நான் போனதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வேலை முடிந்திருந்தது. கிழக்கு வெயில் நேராக அந்தப் பக்கத்தில் விழுந்தது. அங்கே எழுத்து இருந்தது.

தமிழ் எழுத்துதான். புள்ளி வைக்காத பழைய எழுத்து. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படித்தேன். முதலில் வடக்கூரின் பெயர். அதன் கீழே அவர்கள் கோயில் புனிதரின் பெயர். அதன் கீழே ஊரார் உபயம் என்று இருந்தது. போர்ச்சுக்கலும் இல்லை, ராஜாவும் இல்லை. சரக்கு யாருடையது என்று சரக்கின் மேலேயே எழுதியிருந்தது.

சங்கிரித்தான் எட்டிப் பார்த்தார். அவருக்கு வியர்த்துவிட்டது. "யக்கா, அது உப்புக்குன்னுல்லா எங்கப்பா சொன்னாரு? சத்தியமா உப்புக்குன்னுதான் நான் அடிச்சேன்."

பாவம், அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. முதன்முதலில் சுண்ணாம்பு அடித்த யாரோ ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். அவர் வெட்கப்பட்டு மறைத்ததை நாங்கள் பக்தியோடு பூசிக்கொண்டு வந்திருக்கிறோம்.

கீழே இறங்கி நேராகச் சாமியார் பங்களாவுக்குப் போனேன். எங்கள் பங்குச்சாமியார் இளைஞர், குமரி மாவட்டத்துக்காரர், ஊர் வம்பில் தலைகொடுக்காதவர். அலமாரியைத் திறந்துவிட்டுக் காபி போடப் போனார். பழைய சாமியார்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகள் செல்லரித்துக் கிடந்தன. அன்றும் மறுநாளும் அவற்றைப் புரட்டினேன். ஆபீஸ் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே நல்ல குணம், தேடுவதில் அலுக்காமை. மறுநாள் மத்தியானம் அகப்பட்டது.

ஒரு பழைய சாமியார், எங்கள் ஊர் மேல் ரொம்பக் கோபத்தோடு, தமிழிலேயே எழுதியிருந்தார். அந்த வருடம் எங்கள் திருவிழாவும் வடக்கூர்த் திருவிழாவும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. வடக்கூரில் இரண்டு மணி, எங்களுக்கு ஒன்று. அவர்கள் சத்தம் எங்கள் ஊரில் கேட்கக் கூடாது என்று எங்கள் ஆட்கள் விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுது வரை, இரண்டிரண்டு பேராக முறைபோட்டுக் கயிற்றில் தொங்கியிருக்கிறார்கள். சாமியார் நிறுத்தச் சொல்லியும் கேட்கவில்லை. மணி வெடித்துவிட்டது. அப்புறம் வந்த மார்கழியில் பனிமூட்டத்தில் மணிச்சத்தம் இல்லாமல் எங்கள் வள்ளங்கள் கரை தெரியாமல் அலைந்திருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வடக்கூர்க்காரர்கள், யாரை அமுக்க நாங்கள் மணியை உடைத்தோமோ அதே ஆட்கள், தங்கள் இரண்டு மணியில் ஒன்றை இறக்கி, மாட்டுவண்டியில் ஏற்றிக் கடற்கரை வழியே கொண்டுவந்து, அவர்களே கோபுரத்தில் ஏற்றிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். புதுமணி வாங்கும்வரை இரவல் என்று சாமியார் குறித்திருந்தார். நாங்கள் புதுமணி வாங்கவேயில்லை.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சாமியார் காபியோடு வந்து ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்கும்போது அழுதுகொண்டிருந்தேன். காரணம் அப்பா.

எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது ஒரு மார்கழிக் காலையில் அப்பாவின் வள்ளம் பனியில் மாட்டிக்கொண்டது. எதிரே நீட்டிய கை தெரியாத பனி. கரையில் பெண்கள் எல்லாரும் நின்றோம். மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. வெயில் ஏறும் நேரத்தில் வள்ளம் வந்து சேர்ந்தது. பாருக்கு நேரே போய்க்கொண்டிருந்தோம், மணிச்சத்தம் வலக்கைப் பக்கம் கேட்டதால் திருப்பினோம் என்று அப்பா சொன்னார். பார் என்றால் தண்ணீருக்கடியில் கிடக்கும் பாறை. வள்ளம் அதில் ஏறியிருந்தால் எனக்கு அப்பா இல்லை. தங்கை பிறந்திருக்கவே மாட்டாள். எனக்கு ஞானஸ்நானத்துக்கு அடித்தது, கல்யாணத்துக்கு அடித்தது, கடைசியில் அப்பாவின் சாவுக்கு அடித்தது எல்லாம் அந்த மணிதான். வடக்கூரான், வடக்கூரான் என்று வாய் ஓயாமல் திட்டிய ஊரில் அவர்களுடைய மணிதான் எங்களை வாழவைத்திருக்கிறது. எனக்கு அந்த முகம் தெரியாத வண்டிக்காரரின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

சித்தப்பாவிடம் சொன்னேன். கோபுரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். மூச்சிரைக்கச் சங்கிரித்தானைக் கூப்பிட்டு, "ஏலே, இன்னைக்கே சுண்ணாம்ப அடி. ரெண்டு பூச்சா அடி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ராஜா கதைய எழுது. இது வெளிய தெரிஞ்சா நாளைக்கே வண்டியோட வந்து நிப்பானுவ. மணியில்லாம என்ன ஜூபிலி?"

"வாங்கின பொருளத் திருப்பிக் குடுக்கல, சரி. வாங்கினோம்னு ஒத்துக்கிடவும் மாட்டீங்களா? ராஜா பேரச் சொல்லி எழுத எனக்குக் கை வராது."

"அப்பம் நீ எழுதவே வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, எழுத்துதான் வேகமாக ஓடும். அன்று சாயங்காலமே உட்கார்ந்து நாட்குறிப்பில் இருந்ததை இருந்தபடி எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, எழுந்து நின்று வாசித்தேன். மணி உடைந்த இடம் வரை எல்லாரும் சிரித்தார்கள். மாட்டுவண்டி வந்ததும் சிரிப்பு நின்றது. எழுதியிருக்கும் எழுத்தை யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம் என்றேன். சங்கிரித்தான் அதுவரை சுண்ணாம்பு அடிக்கவில்லை. சித்தப்பா அவரை முறைத்தார், அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் இரைந்தது. மணியைக் கேட்டு வந்துவிடுவார்கள் என்று ஒரு பக்கம், கேட்டால் கொடுக்க முடியாது என்று ஒரு பக்கம். பின்னாலிருந்து ஒருவர், "தங்கச்சிக்காவத்தான இவ்வளவும் பேசுத?" என்று சத்தம் போட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது பாதி உண்மை. "ஆமா, தங்கச்சிக்காகவும்தான். அதுக்காக எழுத்து மாறிருமா?" என்றேன்.

அப்போது முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து அம்மா பேசினாள். எழுந்து நிற்க முடியாததால் உட்கார்ந்தபடியே பேசினாள். "எரவல் வாங்குனா ஒரு வார்த்த சொல்லணும்லா? பக்கத்து வீட்டுல அரிவாமண எரவல் வாங்குனாக்கூட, இன்னும் ரெண்டு நாள் வச்சுக்கிடுதேன்னு சொல்லுவோம். ஊர்ல ஒரு ஆம்பளையும் போவ வேண்டாம். நான் போறேன். என் மகளும் அங்கனதான் இருக்கா."

சாமியார், ஊர் வம்பே வேண்டாம் என்று இருந்தவர், "நானும் உங்க கூட வாரேம்மா" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை வேன் வந்தது. ஒரு வாழைத்தார், ஒரு பெட்டி மெழுகுதிரி, சீனி. அம்மாவை இரண்டு பேர் தூக்கி உள்ளே உட்கார வைத்தோம். வண்டி கிளம்பும்போது சித்தப்பா வெள்ளைச் சட்டையோடு வந்து முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஊருக்காக ஒரு கிழவி போய்ப் பேசினாள் என்ற பெயரை அவரால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். எதற்காக வந்தால் என்ன, வந்தாரே என்று அன்று நினைத்தேன். இன்றும் அவருக்கு நன்றி சொல்வேன்.

வடக்கூர்க் கோயில் முற்றத்தில் ஊரே நின்றது. சாமியார் முன்கூட்டியே அவர்கள் சாமியாருக்குப் போன் செய்திருந்தார். அவர்கள் தலைவர் நரைத்த மீசைக்காரர், வலைச் சண்டையில் சித்தப்பாவுக்கு எதிரே நின்றவர். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சித்தப்பாவின் சத்தமெல்லாம் எங்கே போனதோ, முணுமுணுப்பாகத்தான் பேச்சு வந்தது. "மணி ஒங்களுது. எங்களுக்குத் தெரியாது. இப்பந்தான் தெரிஞ்சிது. புதுமணி வாங்குறவரைக்கும்னு குடுத்தீங்க, நாங்க வாங்கல. கேட்டீங்கன்னா எறக்கித் தந்துருதோம். ஜூபிலி மட்டும் முடிஞ்சிரட்டும்னு கேக்க வந்தோம்."

மீசைக்காரர் திரும்பித் தங்கள் கோபுரத்தைக் காட்டினார். அதில் இரண்டு வளைவுகள். ஒன்றில் மணி, மற்றதில் வெறும் வானம். "சின்னப்பிள்ளையில நாங்க கேப்போம், அந்த வாசலு ஏன் சும்மா கெடக்குன்னு. அது தெக்கூருக்குக் கெட்டிக்குடுத்த மணிம்பாங்க எங்க பெரிய ஆட்கள்."

சித்தப்பா நிமிர்ந்தார். "ஒங்களுக்குத் தெரியுமா? இவ்வளவு சண்டையிலயும் ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொல்லிக் காட்டுறதுக்கா குடுத்தாங்க?" என்றார் அவர். "கெட்டிக்குடுத்த பொண்ண யாரும் திருப்பிக் கேப்பாங்களா அண்ணாச்சி? அது ஒங்க வீட்டுலயே இருக்கட்டும். நல்ல நாள் பொல்ல நாளுக்கு வந்து பாத்துட்டுப் போறதுக்கு எங்கள விட்டாப் போதும்."

அதைக் கேட்டதும் பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது. என் தங்கை. அதுவரை புருஷனுக்குப் பின்னால் நின்றவள், எல்லாரையும் விலக்கிக்கொண்டு ஓடிவந்து வேனுக்குள் ஏறி அம்மாவின் மடியில் விழுந்தாள். அம்மா அவள் முதுகை அடித்தாள், தடவினாள், மறுபடி அடித்தாள். முழங்காலில் பாரம் போடாதளா என்று திட்டினாள். அன்று மத்தியானம் தங்கை வீட்டில் மீன் குழம்பு. சித்தப்பா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மலர் வந்தது. வரலாற்றில் வண்டிக்காரர்தான் முதலில் வருகிறார். ராஜாவையும் நான் விட்டுவிடவில்லை, எங்கள் ஊரில் இப்படியும் ஒரு கதை உண்டு என்று கடைசியில் நான்கு வரி போட்டேன். வடக்கூருக்கு நன்றி என்று அட்டையிலேயே அச்சடித்தோம். அதற்குக் கமிட்டியில் ஒரு ஆள்கூட மறுப்புச் சொல்லவில்லை.

ஜூபிலி அன்று சாயங்காலம் வடக்கூர்க்காரர்கள் கடற்கரை வழியாகவே நடந்து வந்தார்கள். முன்னால் பேண்டு செட், பின்னால் கொடி, அதன் பின்னால் ஊர். சித்தப்பா கோயில் வாசலில் நின்று "வாங்க" என்றார். ஒன்பது வருடமாக அவர்களுக்குச் சொல்லாத சொல். சின்னப்பையன்கள் முதல் கிழவர்கள் வரை முறைவைத்துக் கோபுரத்தில் ஏறி மணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு பெரியவர் எழுத்தைப் படிக்கத் தெரியாமல் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாராம். சங்கிரித்தான் சொன்னார்.

பூசைக்கு மணி அடிக்க வேண்டிய நேரம். சங்கிரித்தான் கயிற்றை வடக்கூர்த் தலைவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "ரெண்டு ஊருக்கும் பொதுவான ஆளு ஒண்ணு இருக்குல்லா" என்று என் தங்கையைக் கூப்பிட்டார். பெண்கள் அந்தக் கயிற்றைத் தொட்டதே இல்லை. இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். சித்தப்பா அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்க்காததே சம்மதம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

தங்கை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இழுத்தாள். கயிறு வந்தது, சத்தம் வரவில்லை. "தொங்கி இழுக்கணும் தங்கச்சி" என்றார் சங்கிரித்தான். மறுபடி உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தாள். மணி அடித்தது. கோபுரத்தடியில் நாற்காலியில் இருந்த அம்மா அண்ணாந்து மேலே பார்த்தாள், பிறகு கயிற்றைப் பிடித்திருந்த மகளைப் பார்த்தாள். நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏளா" என்றாள். "நீ நம்ம ஊருக்கு வரல, வரலன்னு ஒம்பது வருசமா அழுதுக்கிட்டுக் கெடந்தேன். காலைல, மத்தியானம், சாயங்காலம், தெனமும் மூணு வேளையும் ஒன் ஊருச் சத்தம்தாம்ளா என் வீடு தேடி வந்துருக்கு."

தங்கை கயிற்றை விடாமல் இன்னொரு தரம் இழுத்தாள்.